ஒரே மூச்சில் விற்ற தக்காளி

எங்கள் குருவிக்களத்தில் மூச்சு விற்பனைக்கு வந்த மறுநாள் காலையில், கேரளாவுக்குக் காய்கறி லாரி ஏற்றும் மாசிலாமணி அண்ணாச்சி பல் தேய்க்கும்போது தொடங்கிய ஒரு வாக்கியத்தை முடிக்காமலே இட்லி தின்று, முடிக்காமலே சட்டை மாட்டி, முடிக்காமலே மண்டிக்கு வந்து நாலு பேருக்கு வணக்கம் வைத்து, முடிக்காமலே மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினார். அவர் மனைவி ஆவுடையம்மாள், வாக்கியம் எங்கேயாவது ஓரிடத்தில் நின்றால் ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்கள் என்ற செய்தியைச் சொல்லிவிடலாம் என்று கரண்டியும் கையுமாகக் காத்திருந்தாள். வாக்கியம் நிற்கவில்லை. பருப்பும் தீர்ந்துபோயிற்று.

இதை நாங்கள் யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. காசு கொடுத்தார், பொருள் வந்தது, உபயோகிக்கிறார். கிணற்றுக்கு மோட்டார் போட்டவன் தண்ணீர் இறைப்பதை யாராவது வாய் பிளந்து பார்ப்பார்களா? எங்களுக்கு இருந்த ஒரே வருத்தம், இவ்வளவு மூச்சைக் கையில் வைத்துக்கொண்டும் அந்த மனுஷர் பழைய கதைகளையேதான் பேசினார் என்பது.

குருவிக்களத்தில் இரண்டு காரியங்கள் மூச்சைக் கொண்டு நடக்கின்றன. ஒன்று கபடி. எதிராளியின் களத்துக்குள் பாடிக்கொண்டு போகிறவன் பாட்டு அறுவதற்குள் ஆளைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் கடிகாரம் வைத்து ஆடத் தொடங்கிவிட்ட பிறகும் நாங்கள் மூச்சை வைத்தே ஆடுகிறோம், ஏனென்றால் கடிகாரத்தின் காதைத் திருகலாம், நெஞ்சைத் திருக முடியாது. இன்னொன்று வெள்ளிக்கிழமை காய்கறி ஏலம். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்பதெல்லாம் வெளியூர்ப் பழக்கம். எங்கள் மண்டியில் ஏலக்காரர் குவியலின் முன்னால் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு விலையைச் சொல்லத் தொடங்குவார், வியாபாரிகள் கேட்கக் கேட்க ஏற்றி ஏற்றிச் சொல்லிக்கொண்டே போவார், அடுத்த மூச்சை இழுக்கிற நேரத்தில் எந்த விலை அவர் வாயில் இருந்ததோ அந்த விலைக்குச் சரக்கு படிந்தது. அதற்குமேல் சாமி வந்து கேட்டாலும் கிடையாது.

ஆகையால் ஏலக்காரரின் மூச்சு எவ்வளவு நீளமோ விவசாயியின் லாபமும் அவ்வளவு நீளம். எங்கள் ஏலக்காரர் வேலாயுதத்தைப் பார்த்தால் ஒல்லியான ஆள், காற்றடித்தால் தூணைப் பிடித்துக்கொள்வாரோ என்று தோன்றும். ஆனால் அவர் வாயைத் திறந்துவிட்டால், கேட்கிறவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும், யோசித்தவனுக்கு ஆசை வரும், ஆசை வந்தவன் பக்கத்துக் கடைக்காரன் முகத்தைப் பார்ப்பான், பார்த்தால் வீம்பு வரும், வீம்பில் ஒரு ரூபாய் ஏறும். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் தக்காளி பழுப்பதற்கு முன்பே வந்து, “நம்ம குவியலை வேலாயுதம் அண்ணன்தான் விடணும்” என்று சொல்லிவைத்துவிட்டுப் போவார்கள்.

இந்த வேலாயுதத்தின் மனைவி செண்பகவடிவு, பெங்களூரில் அடுத்தவர்களின் வீடியோ விளையாட்டுகளுக்கு உழைத்து உழைத்துச் சலித்து, ஊருக்குத் திரும்பி வந்து, அக்காள் புருஷன் ஆறுமுகநயினாரின் பாத்திரக்கடை மாடியில், அவருடைய பணத்தில், ‘கோடு தொடு’ என்று ஒரு கபடி விளையாட்டைச் செய்தாள். போனில் ஆடுவது, காலணா செலவில்லை, யார் வேண்டுமானாலும் யாரோடு வேண்டுமானாலும் மோதலாம். வீரனின் தலைக்குமேல் அவன் மூச்சு ஒரு நீலக் கோடாக நிற்கும், பாடப் பாடக் குறையும். அர்ச்சகர் இரண்டு தீபாராதனைக்கு நடுவில் ஆடினார், டீ மாஸ்டர் பால் பொங்குவதற்குள் ஆடினார், பகையாளிகள் வாய்க்கால் தகராறை இதில் ஆடித் தீர்த்துக்கொண்டார்கள். கைவிரல் பழகியவன் ஜெயித்தான், பழகாதவன் தோற்றுவிட்டு மறுபடியும் ஆடினான். மாடியில் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் சம்பளத்துக்கு இருந்தார்கள், அந்தச் சம்பளத்தை நம்பி ஒரு கல்யாணமும் ஒரு வீட்டுக் கூரையும் முடிந்திருந்தன. வருமானம் என்ற ஒன்றுதான் வரவில்லை.

“ஏம்மா வடிவு, ஊரே ஆடுது, வெளியூர்லயும் ஆடுதாவன்னு நீயே சொல்லுத. எனக்கு ஒரு டம்ளர் வித்த காசாவது வர வேண்டாமா?” என்றார் ஆறுமுகநயினார்.

“வரும் அத்தான். கொஞ்சம் பொறுங்க.”

“பொறுத்துப் பொறுத்து அண்டாவையெல்லாம் வித்துல்லா சம்பளம் போட்டுக்கிட்டு இருக்கேன். பேசாம மூச்சை வில்லு. நீளமா மூச்சு வேணுமா, காசைக் குடுன்னு சொல்லு. அம்புட்டுத்தான்.”

“அது நியாயமில்ல அத்தான். அப்புறம் காசு இருக்கவன்தான் ஜெயிச்சுக்கிட்டே இருப்பான்.”

“வெளிய மட்டும் எவன் ஜெயிக்கானாம்?”

செண்பகவடிவு மாடியில் வேலை செய்யும் பிள்ளைகளை நினைத்தாள். சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. விற்றாலும் நியாயமாக விற்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தாள், அங்கேதான் கோளாறு பிடித்தது. தராசுகளுக்கு நடுவில் வளர்ந்த பெண் அவள். இந்தத் தட்டில் ஏற்றினால் அந்தத் தட்டில் இறக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த நியாயம். ஆகவே ஆட்டத்தில் உள்ள மொத்த மூச்சு கூடவும் கூடாது குறையவும் கூடாது, ஒருவருக்கு விற்கிற மூச்சு ஓசியில் ஆடுகிறவர்களிடமிருந்து சிட்டிகை சிட்டிகையாக, யாருக்கும் உறைக்காதபடி எடுக்கப்படும் என்று விதி செய்தாள். வாங்கியவன் ஒரே பாட்டில் விடவிட அந்த மூச்சு சொந்தக்காரர்களிடம் திரும்பிப் போகும், கடைசிச் சொட்டு வரை விட்டுத் தீர்த்தால் திரும்பியது திரும்பியதுதான், தீருவதற்குள் மூச்சை இழுத்துவிட்டால் மட்டும் போனதெல்லாம் வாங்கியவனிடமே வந்துவிடும் என்று இன்னொரு விதியும் செய்தாள். கபடிக்கும் பொருத்தமாக இருந்தது. திருப்தியோடு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஆட்டத்துக்குள் மூச்சுக் கடையைத் திறந்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது விதிகள் போனுக்குள் மட்டும் நிற்கவில்லை. எப்படி என்று எங்களிடம் கேட்காதீர்கள். கம்பி வழியாகக் கரண்டு எப்படி வருகிறது என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

காசு கொடுத்தவர்களுக்கு நெஞ்சு நிறைந்தது, ஓசியில் ஆடியவர்களுக்குப் பேச்சு பாதியில் நின்றது. ஊரில் முக்கால்வாசிப் பேர் ஓசி. டவுன் பஸ் கண்டக்டர் பரமார்த்தலிங்கம் நிறுத்தங்களின் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்குவது வழக்கம், இப்போது அவர் மூச்சு முட்டி நிறுத்திய இடத்துக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு டிரைவர் வண்டியை நிறுத்துவதை விட்டுவிட்டார். மேலப்பசுங்குளம்புதூர்க்காரர்கள் கூடிப் பேசி, தீர்மானம் போட்டு, ஊர்ப் பெயரைப் புதூர் என்று சுருக்கிக்கொண்ட பிறகுதான் அவர்களுக்குப் பஸ் நின்றது. குழாயடியில் சண்டை போட்டவர்கள் பாதித் திட்டோடு குடத்தை எடுத்துக்கொண்டு போய் மீதியை மறுநாள் வந்து திட்டினார்கள், நடுவில் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததில் யாரைத் திட்டினோம் என்பது மறந்துபோய், மீதித் திட்டு பல நேரம் வேறு ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. அர்ச்சகர் நட்சத்திரம் வரை சொல்லிப் பெயரைச் சொல்ல முடியாமல் விட்டதால், ஒருவர் வாங்கிய அர்ச்சனைத் தட்டுக்கு அந்த நட்சத்திரத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் புண்ணியம் பங்காயிற்று. தட்டு வாங்கியவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். டாக்டரிடம் போனால் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதினார். அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று சொல்ல அவருக்கே மூச்சு போதவில்லை, அவரும் ஓசியில் ஆடுகிறவர்தான்.

ஆனாலும் மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், எங்கள் ஊர்க்காரர்கள் சற்று வேகமாகவே பழகிவிடுவார்கள். பெண்வீட்டுச் சீரில் பாத்திரத்தோடு மாப்பிள்ளைக்கு ஒரு மாத மூச்சு வைக்க வேண்டும் என்று சம்பந்திகள் கேட்கத் தொடங்கினார்கள். சொத்துப் பிரிக்கிற பேச்சுக்கு நீள மூச்சுக்காரர்களை வாடகைக்குக் கூட்டிவந்தார்கள். காதலிக்கிறவர்கள் முதல் இரண்டு வார்த்தையிலேயே நின்றுவிட்டதால் கேட்டவள் தனக்குப் பிடித்தபடி முடித்துக்கொண்டாள். அந்த வருஷத்துக் காதல்கள் அவ்வளவாக முறியவில்லை. மாசிலாமணி அண்ணாச்சியோ மூச்சை வாங்கி வாங்கிச் சேர்த்தார். கோயில் தெப்பக்குளத்தின் அடியில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க யோசித்தார் என்று சொல்வார்கள். என்ன யோசித்தார் என்பதை மேலே வந்து மூன்று நாள் சொன்னார்.

இதெல்லாம் வேடிக்கை. வேலாயுதத்தின் கதை வேடிக்கையாக இல்லை.

அவரும் ஓசியில்தான் ஆடினார், அதுவும் பிடிவாதமாக. “எம் பொண்டாட்டி கடையில நான் காசு குடுத்து வாங்கணுமா? வீட்டுல சோறு திங்க எவனாவது டோக்கன் எடுப்பானா?” என்று முதலில் சிரித்தார். சிரிப்பு சுருங்கத் தொடங்கியபோது செண்பகவடிவு, யாருக்கும் தெரியாமல் அவர் பெயரில் கொஞ்சம் மூச்சு ஏற்றிவிடுவதாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

“வேண்டாம். அடுத்தவன்...” நின்று இழுத்தார். “...மூச்சுலா அது.”

வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அவர் ஏலம் குட்டையாகிக்கொண்டே வந்தது. வாயைத் திறப்பார், முதல் விலையைச் சொல்வார், இரண்டாவது ஆள் கையைத் தூக்குவதற்குள் மூச்சு போய்விடும், சரக்கு படிந்துவிடும். மாசிலாமணி அண்ணாச்சி கெட்ட மனுஷர் இல்லை, வியாபாரி. தாம் வியாழக்கிழமை சாயங்காலம் மூச்சு வாங்கினால் வெள்ளிக்கிழமை தக்காளி விலை படுத்துவிடுகிறது என்பதை அவர் எல்லோருக்கும் முன்னால் கவனித்தார். அதன்பிறகு ஒரு வியாழக்கிழமைகூடத் தவறவிடவில்லை.

தக்காளித் தோட்டக்காரர் கோயில்பிச்சை ஒரு நாள் பாத்திரக்கடை மாடியேறி வந்தார். தக்காளி விற்ற பணத்தைச் செண்பகவடிவின் மேசையில் வைத்தார். அது பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாக இருந்தது.

“ஒங்க வீட்டுக்காரர் மேல எனக்கு வருத்தமில்லம்மா. வாயைத் தொறந்தாரு, மூடினாரு, எம் மூணு மாசம் போச்சு. மண்டிச் சங்கத்துல பேசிட்டாவ. வார வெள்ளிக்கிழமையோட அவரை நிப்பாட்டுதாவளாம். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்.”

அவர் போன பிறகு செண்பகவடிவு கீழே இறங்கி, குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அத்தானிடம் மூச்சுக் கடையை மூடப்போவதாகச் சொன்னாள்.

“மூடு. மூடிட்டு மாடியில இருக்க பிள்ளையளை வீட்டுக்குப் போகச் சொல்லு” என்றார் ஆறுமுகநயினார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு வலித்தது. “மாசிலாமணி ஒருத்தர் குடுக்க காசுலதான் அம்புட்டுப் பேரும் சாப்பிடுதாவ. எனக்கு விக்கதுக்கு இனி அண்டா கெடையாது தாயி.”

அதோடு, கடையை மூடினாலும் விற்ற மூச்சு வாங்கினவரிடம்தானே இருக்கும்? அவள் மாசிலாமணியின் வீட்டுக்கே போய், பணத்தைத் திருப்பித் தருகிறேன், மூச்சைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டாள். ஆவுடையம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள், ஆறிய காபியை எடுத்துக்கொண்டு போனாள், மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள், அவ்வளவு நேரமும் அண்ணாச்சி ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி நான் என்ன திருடினனா நீ விலை போட்டு வச்சிருந்த நான் வாங்கினேன் ஒனக்குத் தெரியுமா தெரியாதோ சின்னப்பிள்ளையில கபடிக் களத்துக்கு நான் போனா ஒம் பாட்டு அணில் கத்துத மாதிரி இருக்கு ஓடிப்போலேன்னு வெரட்டுவானுவ ஒரு ஆட்டம் ஒரே ஒரு ஆட்டம் என்னைச் சேத்துக்கிட்டது கெடையாது நான் பேச ஆரம்பிச்சா மண்டியில எவனும் கேக்கது கெடையாது அவனவன் காதைக் கொடைவான் இன்னைக்கு எனக்கு முன்னால எவன் நிக்கான் சொல்லு அதுவும் போவ...”

அதுவும் போக அவர் சொன்னதன் சாரம், முடியாது என்பது.

வீட்டுக்கு வந்து செண்பகவடிவு அழுதாள். வேலாயுதம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார், அதற்கு மூச்சு தேவையில்லை. அவள் நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, அணில் பாட்டு என்று சொன்ன இடத்தில் அவர் கை நின்றது.

“அவரையே...” என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் மூச்சை இழுத்தார்.

“...ஏலம்...”

மறுபடி இழுத்தார்.

“...விடச் சொல்லு.”

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. ஏலக்காரர் நடுவில் மூச்சை இழுத்தால் ஏலம் அதோடு முடிந்தது. ஒரே பாட்டில் விடவிட மூச்சு சொந்தக்காரர்களுக்குத் திரும்பும், கடைசிச் சொட்டு வரை போய்விட்டால் திரும்பியது திரும்பியதுதான். தான் செய்த விதியும் ஊர் செய்த விதியும் ஒன்றாகக் கைகோத்து நிற்பதை அவள் கண்டாள், கண்டு புருஷனின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

சங்கத்துக்கு இது மிகவும் பிடித்துவிட்டது, ஊரிலேயே நீளமான மூச்சுக்காரர் ஏலம் விடட்டுமே என்றார்கள். விவசாயிகளுக்கும் பிடித்தது. மாசிலாமணி அண்ணாச்சிக்கோ கண் கலங்கிவிட்டது. எனக்காக விலை கேட்பதற்குக் கணக்கப்பிள்ளை சங்கிலிபூதத்தை நிறுத்திக்கொள்கிறேன், எந்த இடத்தில் மூச்சை இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்று அவர் மனசுக்குள் கணக்கும் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் முதல் குவியல் கோயில்பிச்சை அடுத்துப் பறித்த தக்காளி. மாசிலாமணி அண்ணாச்சி வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வந்து, குவியலின் முன்னால் நின்று, நெஞ்சு விம்ம மூச்சை இழுத்து, கிலோ பத்து ரூபாய் என்று தொடங்கினார். தொடங்கியவர், பத்தே பத்தே என்றும், பன்னிரண்டு கேட்டார் பலசரக்குக்காரர் என்றும், பதினைந்து பதினைந்து பழத்தைப் பார் பதினைந்து என்றும், இருபதுக்கு ஏறியாச்சு இருபதிலே நிற்கலாமா என்றும் ராகம் போட்டுப் பாடிக்கொண்டே போக, சங்கிலிபூதம் இருபத்தைந்து என்று கையைத் தூக்க, இதுதான் இடம், இங்கே இழுத்தால் சரக்கு நமக்கு என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவர் சுற்றிப் பார்த்துவிட்டார். ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவரும் காதைக் குடையவில்லை. அறுபது வருஷ வாழ்க்கையில் அவருக்கு அது முதல் தடவை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சமே கொஞ்சம் என்று அவர் மேலே பாடினார்.

வெயில் ஏறியது, விலை ஏறியது, அவர் விட்ட மூச்சு சொந்தக்காரர்களைத் தேடிப் போகத் தொடங்கியது. கூட்டத்தில் நின்ற பரமார்த்தலிங்கம் திடீரென்று எல்லா நிறுத்தங்களையும் கடைசி ஊர் வரை ஒப்பித்துவிட்டுத் தாமே வாயைப் பொத்திக்கொண்டார். அர்ச்சகர் பாக்கி வைத்திருந்த பெயர்களையெல்லாம் சொல்லத் தொடங்கினார். குழாயடியில் என்றோ நின்றுபோன திட்டு ஒன்று உரிய ஆளிடமே வந்து முழுசாகச் சேர்ந்தது, திட்டு வாங்கியவளே சந்தோஷப்பட்டாள். செண்பகவடிவு போனில் அண்ணாச்சியின் நீலக் கோடு குறைவதைப் பார்த்தபடி, “அவரை இழுக்க மட்டும் விட்டுராதிய, இழுத்தார்னா எல்லாம் திரும்பப் போயிரும்” என்று பக்கத்தில் சொல்ல, பக்கம் பக்கத்துக்குச் சொல்ல, எங்களுக்கு விஷயம் விளங்கியது. அதன் பிறகு நாங்கள் கேட்ட கேள்வி இருக்கிறதே! வாழ்நாளில் அரைக் கிலோவுக்குமேல் தக்காளி வாங்காதவர்கள் எல்லாம் கையைத் தூக்கினோம். கிலோ நூறைத் தாண்டியது, இருநூறைத் தாண்டியது, தக்காளி வெயிலில் சுருங்கச் சுருங்க விலை உப்பியது. கோயில்பிச்சை பயந்துபோய்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் ஆனபோதுதான் எங்களுக்கு உறைத்தது. விளையாட்டு விளையாட்டு என்று ஐநூறு ரூபாய் வரை ஏற்றிவிட்டோம். இனி எவன் வாயைத் திறந்தாலும் அவன் தலையில் குவியல் விடியும். ஒவ்வொருவராகக் கையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டோம். கேட்பாரில்லாமல் அண்ணாச்சி ஐநூறே ஐநூறே என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார், அவர் முகம் சிவந்தது, தோள்கள் மெல்ல மேலே எழும்பின. இழுக்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. வேலாயுதம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரில் எல்லோருக்கும் மூச்சு திரும்பியிருந்தது, முதலில் எடுக்கப்பட்ட அவருடையது மட்டும் அண்ணாச்சியின் நீலக் கோட்டின் அடியில் கிடந்தது. செண்பகவடிவு கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆயிரம்!” என்று ஒரு குரல் கேட்டது.

மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, கொடுக்க வழியில்லாமல் ஓரமாக நின்ற ஆவுடையம்மாள். அந்தக் குரலை நாங்கள் கேட்டே எத்தனையோ மாதம் ஆகியிருந்தது, அதனால் யாரென்று தெரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேட்ட விலையை ஏலக்காரர் திருப்பிச் சொல்லியாக வேண்டும். கண் பிதுங்க அண்ணாச்சி, “ஆயிரம்” என்றார்.

“ஆயிரத்து ஒண்ணு!” என்றாள் ஆவுடையம்மாள்.

தன் விலையைத் தானே ஏற்றக் கூடாது என்று எங்கள் மண்டியில் விதி கிடையாது, அப்படிச் செய்கிற ஆள் அதுவரை பிறந்திருக்கவில்லை.

“ஆயிரத்து ஒண்ணு” என்றார் அண்ணாச்சி.

“ஆயிரத்து ரெண்டு! எங்க அண்ணன் மவளுக்குச் சடங்கு, அழைக்க வந்து நிக்காவ, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இடங்குடுத்தியளா? ஆயிரத்து மூணு! காலு வீங்கிக் கெடக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு எத்தனை நாளா நிக்கேன்! ஆயிரத்து நாலு! நீங்க பேசுங்க, நல்லாப் பேசுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. நடுவுல நானும் ஒரு பேச்சுப் பேசக் கூடாதா? ஆயிரத்து அஞ்சு!”

அண்ணாச்சி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். விலையைத்தான் சொன்னார், ஆனால் மற்றதையும் கேட்டார், கேட்காமல் இருக்க வழியில்லை. ஆயிரத்துப் பதினொன்று என்று சொல்லும்போது குரல் கம்மி, ஓர் அணில் கத்துவதைப்போல ஆகி, நின்றது. நீலக் கோடு காலி. அவர் வாயைப் பிளந்து, தாய் வயிற்றிலிருந்து கொண்டுவந்த அந்தச் சின்ன மூச்சை இழுத்துக்கொண்டு, குவியலின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது தூணின் பக்கத்திலிருந்து, “தோட்டக்காரர் கோயில்பிச்சை தக்காளி, மொத்தக் குவியலும், கிலோ ஆயிரத்துப் பதினொரு ரூபாய்க்கு, ஆவுடையம்மா அக்காவுக்கே, அக்காவுக்கே, அக்காவுக்கே படிஞ்சுது!” என்று தெற்குத் தெரு வரை கேட்கும்படி வேலாயுதம் பாடினார். செண்பகவடிவு அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதாள். நாங்களும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டோம், சொல்வதில் என்ன வெட்கம்.

மாசிலாமணி அண்ணாச்சி சொன்ன சொல் தவறாமல் பணத்தைக் கொடுத்தார், கோயில்பிச்சை அதை இரண்டு தடவை எண்ணி வாங்கிக்கொண்டார். குவியலில் பாதி சாறாகிப்போயிருந்தது. மீதியை ஆவுடையம்மாள் தொக்குப் போட்டு வைத்தாள், அந்த விலைக்கு அதைத் தொட்டுக்கொள்ள இன்றுவரை யாருக்கும் மனசு வரவில்லை.

மூச்சுக் கடையைச் செண்பகவடிவு அன்றைக்கே மூடினாள். மறுநாள் ஆறுமுகநயினார் மாடிக்கு வந்து, தலை குனிந்து வேலை செய்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, “இனி என்னத்த விக்கப்போற?” என்றார்.

“மீசை” என்றாள் அவள்.

“மீசையா?”

“ஆமா அத்தான். ஆட்டத்துல இருக்க வீரனுக்கு விதவிதமா மீசை. முறுக்கு மீசை, கம்பி மீசை, கெடா மீசை. வச்சா அழகா இருக்கும். ஜெயிக்கதுக்கு ஒதவாது. ஒருத்தன்கிட்டேருந்து ஒண்ணையும் எடுக்காது.”

“ஒண்ணுக்கும் ஒதவாத பொருளைக் காசு குடுத்து எவன் வாங்குவான்?”

“ஒங்க கடையில சீருக்குன்னு வாங்குத பித்தளை அண்டா, ஆளுயரக் குத்துவிளக்கு, பேர் வெட்டின குடமெல்லாம் எந்த வீட்டுல புழங்குதாவ? பந்தல்ல நாலு பேர் பாக்க அடுக்குததோட சரி, அப்புறம் பரண்லதான கெடக்கு?”

ஆறுமுகநயினார் கீழே போய்த் தம் சரக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் மீசை விற்கவில்லை. வந்தார்கள், பார்த்தார்கள், நல்லாயிருக்கே என்றார்கள், ஓசியில் ஆடிவிட்டுப் போனார்கள். சம்பள நாள் நெருங்கியது. யார் யாரை முதலில் அனுப்புவது என்று செண்பகவடிவு யோசித்துக்கொண்டு, எந்தப் பெயரிலும் மனசு நிற்காமல் உட்கார்ந்திருந்த ஒரு முற்பகலில் மாசிலாமணி அண்ணாச்சி படியேறி வந்தார். நடுப்படியில் நின்று இளைப்பாறிவிட்டு வந்தார். மூச்சுக்குக் கொடுத்த பணத்தையெல்லாம் கேட்கப்போகிறார், கேட்டால் கொடுக்க ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டே அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

அவர் உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த திரையில் சுழன்றுகொண்டிருந்த முறுக்கு மீசையைப் பார்த்தார்.

“இத வச்சா ஜெயிப்பனா?”

“இல்ல அண்ணாச்சி. ஜெயிக்கதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“மூச்சு கூடுமா?”

“கூடாது.”

“அப்ப தோப்பேன்.”

“நல்லா ஆடுனா ஜெயிப்பிய. இல்லேன்னா தோப்பியதான்.”

அவர் தாடையைத் தடவினார்.

“தோத்தாலும் மீசை இருக்கும்லா?”

“இருக்கும் அண்ணாச்சி. அத யாரும் எடுக்க முடியாது.”

“அப்ப ரெண்டு குடு.”

இரண்டு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஒன்று அவர் முகத்திலும் இன்னொன்று ஆவுடையம்மாள் முகத்திலும் இருந்தது. இருவரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வீங்கிய காலைக் காட்டிவிட்டுக் கடைத்தெரு வழியாகத் திரும்பி வந்தார்கள், அந்த அம்மாளுக்குத்தான் எடுப்பாக இருக்கிறது என்று ஊர் ஒருமனதாகச் சொன்னது. போனிலேயே வாங்கலாம் என்று தெரிந்தும், எது தனக்குப் பொருந்தும் என்று கேட்டு வாங்க அன்று சாயங்காலமே பாத்திரக்கடை மாடிப்படியில் வரிசை நின்றது. வரிசையில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்.